கணக்குப் புத்தகமும் கையிருப்பும்

போன ஆனி மாதம் நாகர்கோவிலில் ஒரு கடையில் வைத்து, பேரன் வயதுப் பையன் ஒருவனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. ஆனால் "பழைய சரக்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி வித்தா கடை எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று கேட்டால் அதற்கு வேறென்ன அர்த்தம்? அப்போது கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் கையில் எடுத்திருந்த பொருளைத் திரும்ப வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் பையன் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தவறு என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதையும், அதனால் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறேன். லேப்டாப்போ செல்போனோ வைத்திருக்கிற என் வயதுக்காரர்களுக்கு உபயோகப்படலாம்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் இதையெல்லாம் தட்டுவது என் மகள் வயிற்றுப் பேத்தியின் லேப்டாப்பில். 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது. படித்து முடித்து வேலைக்குப் போய் வேறு வாங்கிக்கொண்டாள். பரணில் கிடந்ததை நான் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். எழுதுவதற்கும், பேத்தியோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் அது தாராளமாகப் போதும். ஒரே குறை, பேட்டரி. இத்தனை வருஷம் உழைத்த பேட்டரி செத்துப்போனதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வயரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்துவிடும்.

மயிலாடியில் இருப்பவர்களுக்கு இது எத்தனை தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற ஆனி, ஆடிக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிற அதே காற்று நம் தெருவில் தென்னை மட்டையைக் கம்பிமேல் தள்ளி நமக்கு மின்சாரம் இல்லாமல் பண்ணிவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி இரண்டு முறை அணைந்து, ஒரு முழுக் கட்டுரை போய்விட்டது. அதனால்தான் 1,650 ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்கினேன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது ஒரு நிமிஷ வேலை. பின்பக்கம் இரண்டு கொக்கிகள், அவ்வளவுதான்.

மாட்டி, நூறு சதவீதம் காட்டுகிற வரைக்கும் சார்ஜ் ஏற்றி, வயரை எடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, இருபது சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஐந்து சதவீதம் என்று காட்டி, தானே மூடிக்கொண்டது. புது பேட்டரி இரண்டரை மணி நேரமாவது நிற்கும் என்று பையன் சொல்லியிருந்தான். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

பையன் கோபப்படவில்லை. "சார், இது கணக்கு தப்பாக் காட்டுது. நாலு தடவை முழுசா ஏத்தி முழுசா எறக்குங்க, பொறவு சரியாயிரும்" என்றான். எனக்கு அது தட்டிக் கழிக்கிற பேச்சாகப் பட்டது. நாலு நாள் போனால் ஏழு நாள் கெடு முடிந்துவிடும், அப்புறம் மாற்றித்தர மாட்டான் என்று நினைத்தேன். அதன்பிறகுதான் மேலே சொன்ன வார்த்தையைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் என் மனைவி, "சரக்கு மோசம்னா திருப்பிக் குடுத்துட்டு வரணும். நாலு பேரு முன்னால அந்தப் பிள்ளைய அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது" என்றாள். அவளுக்குப் பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் கணக்கு எழுதியவன். சந்தேகம் வந்தால் முதலில் எழுதி வைப்பது கையில் ஊறிய பழக்கம். மறுநாள் காலை நூறு சதவீதம் ஏற்றி, ஒரு தாளில் கோடு போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணியையும் சதவீதத்தையும் குறித்துக்கொண்டு வந்தேன். 9 மணிக்கு 100. 9.10-க்கு 87. 9.30-க்கு 60. 9.50-க்கு 34. 10.10 தாண்டியதும் 5. அணைந்தது. இறக்கம் ஒரே சீராக இருந்தது, எந்த இடத்திலும் குதிக்கவில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த வீட்டில் சிற்ப வேலை செய்கிறவரின் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். தாளைப் பார்த்துவிட்டு, "பாட்டா, இது குறிச்சது நல்லதாப் போச்சு. இப்பம் மெஷின் என்ன எழுதி வச்சிருக்குன்னு பாப்போம்" என்றான். விண்டோஸில் கறுப்பாக ஒரு கட்டளைத் திரை உண்டு. அதில் ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாகத் தட்டினால் ஓர் அறிக்கை தயாராகிறது. விண்டோஸ் 8 முதல் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறதாம். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

அந்த அறிக்கையில் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள். ஒன்று, வடிவமைத்தபோது உள்ள கொள்ளளவு. அதில் 47,520 மில்லிவாட் மணி என்று இருந்தது. பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தாளில் 10.8 வோல்ட், 4,400 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் அதே 47,520 வருகிறது. இன்னொன்று, இப்போது முழுசாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்பது. அதில் வெறும் 18,900 என்று இருந்தது. பாதிகூட இல்லை.

"பாத்தியாடே! பழைய சரக்குதான்" என்றேன்.

"அவசரப்படாதீங்க பாட்டா. இது பேட்டரி சொல்லுகது. பேட்டரியில உள்ளது எவ்வளவுன்னு இன்னும் நாம பாக்கல" என்றான்.

பேட்டரி சொல்லுவது வேறு, பேட்டரியில் உள்ளது வேறு. இதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அவன் என்ன செய்தான் என்றால், மறுபடி முழுசாக ஏற்றி, பழையபடி ஐந்து சதவீதத்தில் விண்டோஸ் தானே மூடிக்கொண்டதும், திரும்ப முடுக்கி விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே பயாஸ் என்கிற அமைப்புத் திரைக்குள் போனான். அங்கே விண்டோஸுக்கு அதிகாரம் கிடையாது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அது மூடவும் முடியாது. அப்படியே திறந்து வைத்துவிட்டு, "எப்பம் அணையுதுன்னு மட்டும் குறிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனான்.

காலி என்று சொன்ன பேட்டரி, அதற்கப்புறம் ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம் அந்தத் திரையை எரித்தது. முதலில் ஓடிய ஒரு மணி பத்து நிமிஷத்தையும் சேர்த்தால் இரண்டே முக்கால் மணி. பையன் சொன்ன நேரத்தைவிடக் கூடுதல். சரக்கு நல்ல சரக்கு, அதன் கணக்குப் புத்தகம்தான் தப்பு.

இது எப்படி நடக்கிறது என்று பலரிடம் கேட்டும் படித்தும் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு வெளியே கண்ணாடிக் குழாய் வைத்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று நேரே பார்க்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரியில்கூட அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். லித்தியம் அயன் பேட்டரிக்கு அப்படி ஒரு குழாய் கிடையாது. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், தீர்ந்தால் ஏறக்குறைய 3 வோல்ட். ஆனால் இடையில் பெரும்பாலான நேரம் 3.6, 3.8 என்று ஒரே மட்டத்தில் நின்றுகொண்டிருக்கும். அறுபது சதவீதமா நாற்பதா என்று வோல்ட்டை மட்டும் வைத்துத் திட்டமாகச் சொல்வது கஷ்டம். அதனால் பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு சின்னச் சில்லை வைத்து, உள்ளே போகிற மின்சாரத்தையும் வெளியே போகிற மின்சாரத்தையும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு 'கூலும் எண்ணுதல்' என்று பெயர்.

கூலும் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். சார்ல் ஒகுஸ்தான் கூலோம் (1736-1806) என்று முழுப் பெயரையும் சொல்லாவிட்டால் எங்கள் வாத்தியார் விட மாட்டார். ராணுவ இன்ஜினீயராக இருந்தவர். முறுக்குத் தராசு ஒன்றைக் கொண்டு மின்னேற்றங்களுக்கு இடையே உள்ள விசையை 1785-இல் அளந்து காட்டியவர். 1881-இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு அவர் பெயரையே அளவுக்கு வைத்தது. ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு விநாடி ஓடினால் ஒரு கூலும். என் பேட்டரி தாளில் உள்ளபடி பார்த்தால் 15,840 கூலும் பிடிக்க வேண்டும். வரவு எத்தனை கூலும், செலவு எத்தனை கூலும் என்று அந்தச் சில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அது ஒரு குமாஸ்தா. என் ஜாதி.

குமாஸ்தாவுக்கு என்ன வியாதி வருமோ, அதுதான் அதற்கும் வந்திருக்கிறது. தினசரி வரவு செலவை எத்தனை ஒழுங்காக எழுதினாலும், ஆரம்ப இருப்பு தப்பாக இருந்தால் இறுதி இருப்பும் தப்பாகத்தான் வரும். பேட்டரி கடை அலமாரியில் மாசக்கணக்கில் கிடக்கும்போது உள்ளே இருக்கிற மின்னேற்றம் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பத்தாயத்தில் எலி தின்ற நெல் எந்தக் கணக்கிலும் வராது அல்லவா, அது மாதிரி. பிறகு நாம் மாட்டியதும், "மொத்தமே இவ்வளவுதான் பிடிக்கும்" என்று ஒரு சின்ன எண்ணை அது தானாகப் பிடித்துக்கொள்கிறது. என் பேட்டரிக்கு இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். சார்ஜர் வோல்ட்டைப் பார்த்து ஏற்றுகிறது, அதனால் செல்கள் நிஜமாகவே நிறைகின்றன. ஆனால் குமாஸ்தாவின் புத்தகத்தில் மொத்தமே 18,900. அது செலவானதும் "இருப்பு இல்லை" என்று அறிக்கை கொடுக்கிறார். விண்டோஸ் மேலதிகாரி அதை நம்பிக் கதவை மூடுகிறார். களஞ்சியத்தில் பாதிக்கு மேல் நெல் இருக்கிறது!

இதற்கு நம் ஆபீஸ்களில் என்ன வைத்தியம்? வருஷத்துக்கு ஒரு முறை நேரில் எண்ணிப் பார்க்கிற இருப்புச் சரிபார்ப்பு. பேட்டரிக்கும் அதுவே. செய்கிற முறை இது:

நூறு சதவீதம் காட்டிய பிறகும் இரண்டு மணி நேரம் வயரிலேயே விட்டுவிடுங்கள். பிறகு வயரை எடுத்து, வேலை எதுவும் திறந்து வைக்காமல், தானே அணைகிற வரைக்கும் ஓட விடுங்கள். விண்டோஸ் சீக்கிரம் மூடிவிட்டால் பயாஸ் திரையில் வைத்து மிச்சத்தை இறக்குங்கள். அதன்பின் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கட்டும். கடைசியில் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் நூறு சதவீதம் ஏற்றுங்கள். அடி எது, முடி எது என்று குமாஸ்தா ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் புத்தகத்தைத் திருத்திக்கொள்கிறார். சில பேட்டரிகளில் ஒரே தடவையில் பெரிய திருத்தம் போட அனுமதி இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார். என் பேட்டரியில் 18,900 என்பது முதல் தடவைக்குப் பிறகு 27,000-ஐத் தாண்டியது. இரண்டாம் தடவை 36,000. மூன்றாம் தடவை 42,300. அதோடு நின்றுவிட்டது. ஐந்து சதவீதம் வருவதற்கு இப்போது இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆகிறது.

"நாலு தடவை ஏத்தி எறக்குங்க" என்று பையன் சொன்னான். மூன்று தடவையிலேயே சரியாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாக் கோளாறும் கணக்குக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் தாளில் இறக்கம் சீராக இருந்தது என்று சொன்னேன். அப்படி இல்லாமல், நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே படாரென்று அணைந்தால், அல்லது ஐம்பதிலிருந்து ஒரே தாவாக எட்டுக்கு வந்தால், உள்ளே ஏதோ ஒரு செல் பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றிரண்டு தடவை சரிபார்ப்பு செய்தும் மாறவில்லை என்றால் அது கெட்ட சரக்குதான், கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பினாலோ, தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, ஒரு மாதிரி இனிப்பு வாடை அடித்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். உடனே கழற்றி வையுங்கள், குத்திப் பார்க்காதீர்கள். இன்னொன்று, இந்த முழு ஏற்றமும் முழு இறக்கமும் கணக்கைத் திருத்துவதற்கு மட்டுமே. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி மாதிரி தினமும் அடிவரை இறக்கினால் லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் குறையும்.

மயிலாடியில் இருந்துகொண்டு எனக்கு இது முன்னாலேயே புத்தியில் பட்டிருக்க வேண்டும். நம் ஊர்ச் சிற்பிகள் கல் வாங்கும்போது விற்கிறவர் சொல்வதைக் கேட்டு வாங்குகிறார்களா? சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். மணி மாதிரி ஒலிக்கிறதா, உள்ளே விரிசல் இருந்து மந்தமாக ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். அதே மாதிரி, கல்லைத் தட்டிப் பார்க்காமல் "இது விரிசல் கல்" என்று சொல்லித் தள்ளவும் மாட்டார்கள். நான் தட்டிப் பார்க்காமலே தள்ளினேன்.

இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ஆபீஸில் எழுதுபொருள் அலமாரியைப் பார்த்துக்கொண்ட ஒருவர் இருந்தார். இருப்புப் புத்தகத்தில் நாற்பது ரீம் தாள், அலமாரியில் முப்பத்தொன்று. ஒன்பது ரீமை எங்கே கொண்டுபோனாய் என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால், பக்கம் திருப்பும்போது கீழ்க்கூட்டை அடுத்த பக்கத்துக்குத் தூக்கியதில் ஓர் எண் தவறு. மெமோவை ரத்து செய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்களோடு டீ குடிக்க வரவே இல்லை. ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் தனியாகத்தான் போனார். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். புத்தகத்தை நம்பி மனிதனைச் சந்தேகிக்காதே என்று எனக்குப் பின்னால் வந்த ஜூனியர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியும் இருக்கிறேன். கடைசியில் திரையின் மூலையில் உள்ள ஒரு எண்ணை நம்பி அதையே நானும் செய்தேன்.

மறு திங்கட்கிழமை நாகர்கோவில் போனேன். கடையில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். "தம்பி, நீ சொன்னதுதான் சரி. பேட்டரி நல்லா ஓடுது. அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோ" என்றேன். பையனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஆனால் அன்றைக்கு இறங்கிப் போனவர் திரும்ப வந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

பேசிக்கொண்டிருந்தபோது அவன் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. வாரத்துக்கு ஒருவராவது இப்படிச் சண்டை போட்டு பேட்டரியைத் திருப்பித் தருகிறார்களாம். அவனும் பேச்சை வளர்க்காமல் வாங்கிக்கொள்கிறான். அது மொத்த வியாபாரிக்குப் போகிறது. அங்கிருந்து எங்கே போகிறதோ. "நல்ல பேட்டரிதான் சார் முக்காவாசி" என்றான். நீயே ஒரு தடவை சரிபார்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுக்கு ஒரு நாளாகும் சார். அந்தக் கூலியப் போட்டா, பக்கத்துக் கடையில நூறு ரூவா கொறவுன்னு போயிருவாங்க" என்றான். அதுவும் நியாயம்தான்.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்த எண்ணை நமக்குக் காட்டுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. 1990-களின் நடுவில் டியூராசெல், இன்டெல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து லேப்டாப் பேட்டரிகளுக்கென்று ஒரு தர அமைப்பை உண்டாக்கின. அதில் மீதி இருப்பு, முழுக் கொள்ளளவு என்கிற விவரங்களோடு, "என் கணக்கில் இத்தனை சதவீதம் வரை பிழை இருக்கலாம்" என்று சில்லே சொல்வதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது குமாஸ்தா நேர்மையானவர், தன் கணக்கின் மேல் தனக்கே எவ்வளவு சந்தேகம் என்று குறிப்பு எழுதி வைக்க இடம் இருக்கிறது. மேலதிகாரிதான் அந்தக் குறிப்பை நமக்குக் காட்டுவதில்லை. திரையில் '34%' என்று சந்தேகமே இல்லாத மாதிரி ஓர் எண் மட்டும் வருகிறது. பக்கத்தில் 'உத்தேசம்' என்று ஒரு சொல் போட்டிருந்தால்கூட நான் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

இரண்டாவது, விற்கிறவர்கள். கூலி கட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு துண்டுத் தாளில் தமிழில் ஐந்து வரி அச்சடித்துப் பில்லோடு சேர்த்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? 'முதலில் கணக்கு தப்பாகக் காட்டலாம், இப்படி மூன்று தடவை ஏற்றி இறக்கவும், அதற்குப் பிறகும் இன்ன அளவுக்குக் குறைந்தால் மாற்றித் தருகிறோம்' என்று எழுதிக் கொடுக்கட்டும். மாற்றித்தருகிற கெடுவும் ஏழு நாளாக இருக்கக் கூடாது. ஒழுங்காகச் சரிபார்க்கவே ஒரு வாரம் ஆகிறதே! பில்லில் பேட்டரியின் கொள்ளளவையும் தயாரித்த மாதத்தையும் எழுதட்டும். இந்தப் பையனிடம் நான் இதைச் சொன்னபோது, "எழுதித் தாங்க சார், ஜெராக்ஸ் போட்டுக்கிடுகேன்" என்றான். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, வாங்குகிற நாம். விலையை மட்டும் பார்க்காமல் பேட்டரி மேல் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அதன்மேல் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் யார் தயாரிப்பு, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நிஜமாகவே ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர் கையில் நேரம் குறித்த ஒரு தாளும் அந்த அறிக்கையும் இருக்க வேண்டும். என் கையில் முதலில் கோபம் மட்டும்தான் இருந்தது. பழைய பேட்டரியைக் குப்பையோடு போடவும் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தனியாகக் கொடுக்கச் சொல்கின்றன. நான் பழையதை அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டேன்.

நாலாவது, அரசாங்கம். 2025-26 பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ கைக்கணினியோ கொடுப்பதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். என் பேத்திக்குக் கிடைத்ததன் பலனைத்தான் நான் இப்போது அனுபவிக்கிறேன். ஆனால் மூன்று நாலு வருஷத்தில் அத்தனை பேட்டரியும் தளரும். அப்போது அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கொடுக்கும்போதே, சரியான மாற்று பேட்டரி எங்கே என்ன விலையில் கிடைக்கும், அதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ லேப்டாப் பரணுக்குப் போகாமல் தப்பிக்கும். பேட்டரியை வீட்டிலேயே கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதையும் கொள்முதல் நிபந்தனையில் சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை உபயோகிப்பவரே மாற்ற முடிய வேண்டும் என்கிறது. எங்கள் பழைய இலவச லேப்டாப்பில் இரண்டு கொக்கி வைத்து அதைச் செய்திருந்தார்கள்!

"இத்தனை பாடு எதற்கு, ஒரு புது லேப்டாப் வாங்கிக்கொள்ளலாமே" என்று என் மருமகன் கேட்டார். வாங்கலாம். பென்ஷன் வருகிறது. ஆனால் நன்றாக இருக்கிற ஒரு சாமானை, அதன் கணக்குப் புத்தகம் தப்பு என்பதற்காகத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. மேலும் புதியது வாங்கினாலும் அதற்குள்ளும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருப்பார். நாலு வருஷம் கழித்து அவருக்கும் இதே வியாதி வரும்.

"எழுபது வயசுக்கு மேல் உள்ளவர்கள் பயாஸ் திரைக்குள் எல்லாம் போக முடியுமா" என்று ஒரு நண்பர் கேட்டார். அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள் என்பதுதான் என் பதில். அவர்களுக்கு நம்மிடம் கேட்கவும் விஷயம் இருக்கிறது. அந்தப் பையன் இப்போது என்னிடம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். கூலும் இல்லை, கூலோம் என்று திருத்தியிருக்கிறேன்.

இதை எழுதி முடிக்கும்போது காற்றுக்கு எங்கேயோ மரம் விழுந்து, மின்சாரம் போய் ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகிறது. மூலையில் 34 என்று காட்டுகிறது. உத்தேசமாக 34 என்று எடுத்துக்கொள்கிறேன். எதற்கும் இப்போதே சேமித்துவிடுகிறேன்.